தண்ணீர் கேட்காத செடி



நம் பங்கு இளைஞர் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தனர். "சாமி, கோயிலிலிருந்து நெடுஞ்சாலை வரை தெருவோரத்தில் செடி வைக்கலாமென்று இருக்கிறோம். நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. வேலி போடப் பணமுமில்லை. தண்ணீர் ஊற்றாமலே வளரக்கூடிய செடி ஒன்றைச் சொல்லுங்கள்" என்றனர். நேர்மையான கேள்விதான். நம்மில் பலர் மனத்தில் இருப்பதை அவர்கள் வாய்விட்டுக் கேட்டுவிட்டனர். அவர்களுக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாக இங்கே எல்லார்க்கும் எழுதுகிறேன்.

தண்ணீர் ஊற்றாமலே வளரும் செடி ஒன்று உண்டு. ஆடு அதன் இலையைத் தொடாது. வெயில் அதனை வாட்டாது. வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும். அதன் பெயர் சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அதன் விதை 1877ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாகாணத்திற்குக் கொண்டுவரப்பட்டது. வறண்ட நிலத்தில் விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்பதே அன்றைய எண்ணம். அது யாருடைய உதவியையும் வேண்டாத மரம். ஆகவே யாருடைய கட்டளைக்கும் அடங்காத மரமுமாயிற்று. காயைத் தின்ற ஆடுமாடுகள் விதையைச் சாணத்தோடு எங்கும் பரப்பின. ஏரி, குளம், கண்மாய், மேய்ச்சல் நிலம் யாவும் அதன் கைக்குள் போயின. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றும்படி ஆணையிட்டது. 2022இல் தமிழக அரசு அயல்நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரங்களைப் பற்றித் தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது. ஒன்றும் கேட்காத செடிக்கு நாம் கொடுத்த விலை இது.

இந்தப் பாடத்தைப் படித்த பின்னும் நாம் திருந்தினோமா? அண்மை ஆண்டுகளில் கோனோகார்பஸ் என்னும் மரம் நாட்டின் பல நகரங்களில் சாலையோரங்களை நிரப்பிற்று. விரைவில் வளரும், எப்போதும் பச்சையாக நிற்கும், கத்தரித்தால் சுவர்போல் அழகாயிருக்கும் என்று சொல்லி வைத்தனர். அதன் வேர் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் சேதப்படுத்துகிறது, மகரந்தம் மூச்சுத் தொல்லை தருகிறது என்ற முறையீடுகளுக்குப் பின் குஜராத் அரசு 2023இல் அதனை நடுவதற்குத் தடை விதித்தது. பின்னர் நம் தமிழக அரசும் தடை செய்தது. இன்றும் எவரேனும் அக்கன்றை இலவசமாகத் தந்தால், நன்றி கூறி மறுத்துவிடுங்கள்.

ஆகவே கேள்வியைச் சற்றே மாற்றிக்கொள்வோம். எதையும் கேட்காத செடி எது என்று தேடாமல், நம்மால் கொடுக்க இயன்றதை மட்டும் கேட்கும் செடி எது என்று தேடுவோம்.

அதற்கு முதலில் நம் தெருவை அறிய வேண்டும். இப்பகுதியின் ஊர்ப்பெயர்களே செடிகொடிகளின் பட்டியலாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பூவிருந்தவல்லி என்ற பெயரிலேயே பூ இருக்கிறது. வேல மரக்காடு திருவேற்காடு ஆயிற்று. தொண்டைமான் ஏறிவந்த யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாகத் திருமுல்லைவாயிலின் தலவரலாறு கூறுகிறது. அந்த முல்லையும் வேலும் வளர்ந்த மண் இன்று நம் தெருவோரத்தில் இல்லை. திருமழிசைத் தெருவில் அரை அடி தோண்டிப் பாருங்கள்: உடைந்த செங்கல், சிமெண்டுக் காரை, ஜல்லி, நெகிழிப் பை. தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரிகளின் புழுதி இலைகளின்மேல் படிகிறது. கோடையில் தார்ச்சாலையின் வெக்கை இரவிலும் தணிவதில்லை. ஆடுகள் தெருவில் உலவுகின்றன. ஐப்பசி கார்த்திகையிலோ அதே இடத்தில் தண்ணீர் நாட்கணக்கில் நிற்கிறது. இத்தனையையும் தாங்குவதே இங்கே உரமான செடி. நூலில் படித்த உரம் வேறு, நம் தெருவில் காணும் உரம் வேறு.

இனி, நம் ஊர் வழியே பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையைப் பாருங்கள். நடுத்திட்டில் வரிசையாக அரளி நிற்கிறது. அதைத் தேர்ந்தவர்கள் காரணமில்லாமல் தேரவில்லை. அரளி வறட்சியையும் புகையையும் தாங்கும், ஆடுமாடு கடிக்காது, வெட்ட வெட்டத் தழைக்கும், எதிர்வரும் வண்டியின் விளக்கொளி ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யாமல் தடுக்கும். ஆட்கள் நடமாடாத நடுத்திட்டிற்கு அது தகுந்த செடியே. ஆனால், அங்கே நன்றாயிருக்கிறதென்று அதே செடியைப் பள்ளி வாயிலிலும் நம் வீட்டுத் திண்ணையோரத்திலும் வைக்கலாமா? கூடாது. அரளியின் வேர், தண்டு, இலை, பூ யாவும் நஞ்சு. இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கேரளத்தில் அரளியை மென்றதனால் என்று ஐயுறப்பட்ட ஓர் இளம்பெண்ணின் இறப்பிற்குப் பின், 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களின் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கிற்று. மஞ்சள் அரளியும் நஞ்சே. அதன் விதை மிகக் கொடியது. கண்டதை வாயில் வைக்கும் பருவத்துக் குழந்தைகள் விளையாடும் தெருவில் இவ்விரண்டும் வேண்டாம். முன்பே வீட்டில் இருக்குமாயின், வெட்டிய கிளைகளை எரிக்காதீர்கள். அதன் புகையும் தீங்கு செய்யும்.

அப்படியானால் எவற்றை வைக்கலாம்?

ஆடு உலவும் தெருவிற்கு முதலிடம் ஆடாதொடைக்கு. ஆடு தொடாத இலை என்று அதன் பெயரே சான்று கூறுகிறதன்றோ? ஆளுயரம் வளரும், வெள்ளைப் பூப் பூக்கும், கிளையை ஒடித்து நட்டாலே வேர்விடும். இருமலுக்கு நம் பாட்டிமார் அறிந்த மருந்து. அதற்கு இணையானது நொச்சி. அதனையும் ஆடுமாடு கடிப்பதில்லை. வெயிலையும் தேங்கும் நீரையும் ஒருங்கே தாங்கும். சளி பிடித்தால் அதன் இலையைக் கொதிக்கவிட்டு ஆவி பிடிக்கிறோம். சென்னை மாநகராட்சி ஒருகாலத்தில் கொசுவை விரட்ட நொச்சிக் கன்றுகளை வீடுகளுக்கு வழங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பழந்தமிழ் மரபில் ஆநிரை கவரச் சென்றோர் வெட்சிப்பூச் சூடினர்; மதிலைக் காத்து நின்றோர் நொச்சிப்பூச் சூடினர். தெருவோரத்தைக் காக்க நிற்பதற்கும் நொச்சியே பொருத்தம்.

அந்த வெட்சிதான் நாம் இட்லிப்பூ என்று அழைப்பது. நம் நாட்டுச் செடியே, அழகிய செடியே. ஆனால் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த மண் அதற்கு ஆகாது. இரும்புச்சத்தை அதன் வேர் எடுக்க இயலாமற்போக, நரம்பு மட்டும் பச்சையாயிருக்க இலை மஞ்சளித்துவிடும். கட்டட இடிபாடு நிறைந்த ஓரத்தில் அதனை வைத்துவிட்டு உரக்கடையைக் குறை சொல்வதில் பயனில்லை. நல்ல செம்மண் நிரப்பிய தொட்டியிலோ முற்றத்திலோ வையுங்கள்.

முழு வெயிலும் நீர் தேங்காத மேட்டு மண்ணும் உள்ள இடத்திற்கு ஆவாரை. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பது முதுமொழி. அதன் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. கோடையிலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும். ஆவாரையின் ஆணிவேர் ஆழமாக இறங்குவது. பெரிய செடியைப் பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. விதையை நட்ட இடத்திலேயே முளைக்கவிடுவது நன்று.

வேலியாகக் கத்தரித்து வளர்க்க மருதாணி. சுவரோரத்தில் நிறம் வேண்டுவோர்க்குக் காகிதப்பூ. அதன் பூவென்று நாம் எண்ணும் வண்ண இதழ்கள் உண்மையில் இலையின் மாற்றமே. மெய்யான பூ நடுவில் வெள்ளையாய்ச் சிறிதாயிருக்கும். தண்ணீர் மிகுந்தால் தழைக்குமே தவிரப் பூக்காது. முள்ளுள்ள செடியாதலால் மக்கள் நடக்கும் பக்கம் கிளை நீளவிடாதீர்கள். பாதி நிழலுள்ள இடத்திற்கு நந்தியாவட்டையும் டிசம்பர் பூவும் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிப் பூக்கும் டிசம்பர் பூவை நம் பெண்மக்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை.

தெருமுனைக்கும் சாலையைக் கடக்கும் இடத்திற்கும் முழங்கால் உயரத்திற்கு மேற்பட்ட செடியே கூடாது. நான்கடிப் புதருக்குப் பின்னால் நிற்கும் மூன்றடிக் குழந்தையை எந்த ஓட்டுநரும் காண முடியாது. அங்கே வைக்கத் தகுந்தது நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இச்செடி ஆண்டு முழுவதும் பூக்கும், ஆடு தின்னாது, கற்சந்திலும் முளைக்கும். இடுகாட்டில் தானே வளர்வதால் சுடுகாட்டுமல்லி என்று பெயரிட்டுச் சிலர் வீட்டருகே வைக்க அஞ்சுவர். அஞ்ச வேண்டாம். 1950களின் இறுதியை ஒட்டி இச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மருந்துகள், இரத்தப் புற்றுநோயுற்ற எண்ணற்ற குழந்தைகள் உயிர்பிழைக்கத் துணைநின்றன. ஆயினும் மருத்துவர் கையில் மருந்தாவதை நாம் வீட்டில் கஷாயமாக்கிக் குடிக்கலாகாது.

செடியைத் தேர்ந்தாயிற்று. எப்போது நடுவது? ஜூன் 5ஆம் நாள் சுற்றுச்சூழல் நாள். ஜூலை முதல் வாரம் வனமகோத்சவம். இந்த வாரத்தை 1950இல் அன்றைய நடுவண் அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்தார். வட இந்தியாவில் அது மழை தொடங்கும் காலம், மிகப் பொருத்தம். நமக்கோ ஜூன் மாதம் அக்கினி நட்சத்திரத்தின் வால். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. ஆகவே ஜூனில் விழா எடுத்து நட்ட கன்று பெருமழையைக் காண நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று முன்னோர் சொன்னதை நினைவிற்கொண்டு, ஆடி ஆவணியில் குழியெடுத்து, ஆவணி புரட்டாசியின் மாலை மழைகளில் நடுங்கள். ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும்.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் இருக்கட்டும். இடிபாட்டை அள்ளி வெளியே போடுங்கள். செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்புங்கள். கன்றின் நெகிழிப் பையை மறவாமல் கிழித்தெடுங்கள். பையோடு நட்ட செடி பைக்குள்ளேயே வேர் சுருண்டு மடிகிறது. தோண்டும் முன் மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எங்கே செல்கின்றன என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, இசைவும் பெறுங்கள். நெடுஞ்சாலைத் திட்டில் நாமாகக் கை வைக்க வேண்டாம். அது நம் உரிமையுமன்று, உயிருக்கும் பாதுகாப்பன்று.

இப்போது தண்ணீருக்கு வருவோம். எத்துணை உரமான செடியும் முதல் கோடையில் கைக்குழந்தைதான். வறட்சியைத் தாங்கும் ஆற்றல் அதன் ஆழ்ந்த வேரில் இருக்கிறது. அந்த வேர் இறங்க ஓராண்டேனும், சிலவற்றுக்கு ஈராண்டும் வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, வாரம் இருமுறை ஒரு வாளி நிறைய ஊற்றுவதே நலம். நீர் இறங்கும் ஆழத்திற்கு வேரும் இறங்கும். ஒரு வாளி பத்து லிட்டர் என்று கொள்வோம். நூறு செடிக்கு வாரம் 2000 லிட்டர். அது எந்த இளைஞர் மன்றத்தாலும் இயலாது. ஆனால் ஐந்து செடிக்கு வாரம் 100 லிட்டர். அரிசி கழுவிய நீரும், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரும் ஒரு வீட்டில் ஏறக்குறைய அவ்வளவு சேர்ந்துவிடும். நூறு செடியை இருபது வீடுகள் வளர்த்துவிடலாம். ஒரு மன்றம் வளர்க்க முடியாது.

நம் வழக்கம் என்ன? புதுநன்மை நாளிலும் மணவிழாவிலும் கன்று நடுகிறோம், படம் எடுக்கிறோம், நட்டவர் பெயரைப் பலகையில் எழுதுகிறோம். அடுத்த சித்திரையில் பலகை நிற்கிறது, கன்று இல்லை. இவ்வாண்டு ஒன்று செய்வோம். நடுவதற்கு முன்னரே தெருவில் வீடு வீடாகச் சென்று, எந்த வீட்டார் எத்தனை செடிக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற இசைகின்றனர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் பதினேழு என்று வந்தால், பதினேழே கன்று வாங்குங்கள். பலகை வைத்தே ஆகவேண்டுமென்றால், தண்ணீர் ஊற்றுகின்றவர் பெயரை அதில் எழுதுங்கள்.