இயக்குநர் தந்த புத்தகப் பட்டியல்

ஆண்டு மலரில் சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் எழுந்தது. தம்மிடம் கற்க வருவோருக்குப் புத்தகம் படிப்பதையே முதற்கடமையாக விதிக்கும் ஓர் இயக்குநரைப் பற்றி அறிந்த பின்னர்தான் துணிந்தோம்.

அவர் ஜெர்மனியின் வெர்னர் ஹெர்சாக். 1942-ல் பிறந்து, பவேரியாவின் சாக்ராங் என்னும் மலைக் கிராமத்தில் வளர்ந்தவர். பதினொரு வயது வரை சினிமாவையே கண்டதில்லை. பதினான்காம் வயதில் தாமாகவே கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார். (அருட்சகோதரிகள் இவ்விடத்தில் புன்னகை புரிவார்கள் என நம்புகிறோம்!) 1982-ல் வெளிவந்த 'ஃபிட்ஸ்கரால்டோ' படத்திற்காக மெய்யான கப்பலையே குன்றின் மேல் இழுத்து ஏற்றியவர். 2009-ல் அவர் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சிப் பள்ளியில் சேருவோருக்கு ஒரு நூற்பட்டியல் தந்தார். படமெடுக்கும் தொழிலைக் கற்பிக்கும் நூல்களை அதில் காணோம்.

லத்தீன் கவிஞர் வர்ஜில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இயற்றிய 'ஜியார்ஜிக்ஸ்' அதில் இருக்கிறது. பயிர், மரமும் திராட்சையும், கால்நடை, தேனீ என நான்கு பகுதிகள். ஹெமிங்வேயின் வேட்டைக் கதை ஒன்றும் உண்டு; அது சிறு வகுப்பு மாணவியர்க்கு ஏற்றதன்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையை ஆராய்ந்த வாரன் குழுவின் 1964-ம் ஆண்டு அறிக்கையும் இடம்பெறுகிறது.

தேனீக்கும் படமெடுப்பதற்கும் என்ன தொடர்பு என்று நாங்களும் வியந்தோம். விடை, அவர் பெரிதும் போற்றும் 'தி பெரக்ரின்' என்ற நூலில் கிடைத்தது. ஜே. ஏ. பேக்கர் எழுதி 1967-ல் வெளிவந்தது. அவர் அறிஞர் அல்லர். கிட்டப்பார்வையுடைய சாதாரண அலுவலக ஊழியர். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் வயல்வெளிகளில் பத்துக் குளிர்காலங்கள் சைக்கிளிலும் நடையாகவும் பைரிப் பறவைகளைப் பின்தொடர்ந்தார். அவற்றையெல்லாம் ஒரே குளிர்காலத்தின் நாட்குறிப்பாகச் சுருக்கினார். அந்நாளில் பூச்சிமருந்தால் பைரிகள் அழிந்துகொண்டிருந்தன. இனி காண முடியாமற் போகுமோ என்ற அச்சத்தோடு பார்த்த பார்வை அது. எங்களுள் இருவரே அதை முழுதும் படித்தோம். கதையே இல்லையென்று முப்பதாம் பக்கத்தில் மூடியவர்களும் உண்டு. படித்தவர்களோ இப்போது மைதானத்துப் பருந்தைக்கூட நின்று பார்க்கிறார்கள். பார்க்கத் தெரியாதவர் கையில் காமிரா இருந்து என்ன பயன்? ஹெர்சாக் புத்தகங்களைக் கொண்டு கற்பிப்பது இதைத்தான் என்பது எங்கள் கருத்து.

ஆனால் இங்கே நடப்பது என்ன? மேல்வகுப்புக்கு வந்ததும் நூலக வேளை கணக்குப் பாடத்திற்குப் போய்விடுகிறது. வீட்டிலோ, "இது பரீட்சைக்கு வருமா?" என்ற கேள்வி. பெற்றோரின் கவலையை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். கட்டணம் கட்ட அவர்கள் படும் பாட்டையும் அறிவோம். எனினும் வாரத்தில் ஒரு வேளையைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறோம். அதுவும் இயலாதெனில், மதிய இடைவேளையில் கண்ணாடி அலமாரியின் சாவியையாவது தாருங்கள். பதிவேடு எழுதி, புத்தகங்களை அடுக்கி வைக்கும் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம்.