மூக்குத்திகூடவா ஆபத்து?

"பாருங்கக்கா, ஆசை ஆசையா மூக்குக் குத்தி ஒரு மாசம்தான் ஆகுது. கழட்டினாத்தான் ஆடலாம்னு அம்பயர் சொல்லிட்டாராம். இது நல்லாவா இருக்கு?"

எங்கள் தெருவில் ஒரு தாயார் இப்படிக் குறைப்பட்டுக்கொண்டார். பெண் பள்ளிக்கூடத்து சாப்ட்பால் குழுவில் இருக்கிறாள். "இனிமே விளையாட்டே வேண்டாம்" என்று நிறுத்திவிடவும் அவருக்கு யோசனை. சகோதரிகளே, அவசரப்பட வேண்டாம்.

பெயரில் 'சாப்ட்' இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எடை சுமார் 180 கிராமாவது இருக்கும். கிரிக்கெட் பந்துகூட 160 கிராம்தான்! அதையும் சுமார் 43 அடி தூரத்திலிருந்து வீசுகிறார்கள். முகத்தில் பட்டால் மூக்குத்தி சதையில் குத்தும். ஓடி வந்து சறுக்கி விழும்போது கண்ணாடி வளையல் உடைந்தால் தன் கைக்கும் ஆபத்து, பிறர் கைக்கும் ஆபத்து. கபடியிலும் நகத்தை வெட்டி, நகையைக் கழற்றிவிட்டுத்தானே இறங்குகிறார்கள்?

நம் விருத்தாசலத்தில் பீங்கான் சாமானைச் சுண்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? கணீரென்றால் நல்லது, 'டப்' என்றால் எங்கோ விரிசல். ஆட்டம் தொடங்குமுன் மட்டையையும் ஹெல்மெட்டையும் நடுவர் பரிசோதிப்பதும் அப்படித்தான். விரிசல் விட்டதை ஒதுக்கிவிடுவார். பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்க முடியாது.

எல்லாவற்றையும் விதிப் புத்தகத்தில் எழுதிவிட முடியாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி சாப்ட்பாலில் நகைக்கு இருந்த தடையை 2024 முதல் தளர்த்தினார்கள். ஆனாலும் ஆபத்து என்று நடுவருக்குப் பட்டால் கழற்றத்தான் வேண்டும்.

'நடுவர் சொல்வதெல்லாம் வேதமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2014-ல் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பைக் கூடைப்பந்தில், நம் வீரர்கள் அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் இருவரையும் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிவிட்டு ஆடினார்கள், பிறகு முறைப்படி எதிர்ப்பு கிளம்பியது. 2017 அக்டோபரிலிருந்து விதியே மாறியது. மைதானத்தில் மல்லுக்கு நிற்பதைவிட, ஆட்டம் முடிந்தபின் பயிற்சி ஆசிரியர் மூலம் எழுதிக் கேட்பதுதான் பலன் தரும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு:

* காது, மூக்குக் குத்துவதைப் பந்தய காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். காது ஆற ஆறு வாரமாவது ஆகும். மூக்குக்கு இன்னும் ஜாஸ்தி. ஆறாத துளையிலிருந்து தினமும் கழற்றி மாட்டினால் சீழ் பிடிக்கும்.

* ஊக்கு, கொண்டை ஊசி வேண்டாம். தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு ரப்பர் பேண்ட் கட்டுங்கள். உச்சியில் கொண்டை இருந்தால் ஹெல்மெட் சரியாக உட்காராது.

* தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. பெரிதாக இருந்தால் கூச்சப்படாமல் வேறு கேட்கச் சொல்லுங்கள்.

* மூக்குக் கண்ணாடி போடும் பெண்ணுக்கு உடையாத பிளாஸ்டிக் லென்ஸ், பின்னால் எலாஸ்டிக் பட்டை.

* கழற்றிய நகையை மைதானத்துக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். காலையிலேயே வாங்கி பீரோவில் வைத்துவிட்டால், தொலைந்ததோ என்ற கவலை இல்லாமல் பெண் நிம்மதியாக ஆடுவாள்.