மரைக்கு எதற்குப் பாண்?

தை மாதத்து உறைபனியில் ஹோர்டன் சமவெளிக்குத் தனியே செல்வதில் தவறொன்றுமில்லை. 2,100 மீற்றர் உயரத்துப் புல்வெளி, கூச்சலிடாதவனுக்கே தன் உயிர்களைக் காட்டும். ஆனால் சென்றவர் செய்வதென்ன? வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் மரைக்குப் பாண் துண்டை நீட்டிப் படமெடுக்கிறார். (இதற்குப் பெயர் ஜீவகாருண்யமாம்!) பாணுக்குப் பழகிய மரை, பாண் மணக்கும் பொலித்தீனையும் விழுங்குகிறது. அது இரைப்பையை அடைத்துக்கொள்ள, வயிறு நிறைந்தபடியே பட்டினியால் சாகிறது. அங்குள்ள சிறுத்தையின் முதன்மை இரையும் இந்த மரைதான்.

1840களில் இம்மலைகளுக்கு வந்த சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களை ஏவி மரைகளைக் கொன்றார். அதை வேட்டை என்றே எழுதியும் வைத்தார். நம்மவரோ அன்பு என்கிறார்கள்.

1988 முதல் அது தேசியப் பூங்கா. விலங்குக்கு உணவூட்டுவது அங்கே தடை. வாயிலில் பொலித்தீனைத் தேடிப் பைகளைக் கிளறுவோர், தரிப்பிடத்திலும் ஒரு காவலரை நிறுத்தித் தண்டம் அறவிடட்டும்.