புதிய இனத்தைக் கண்டவர் எவர்?

"புதிய இனமொன்று தோன்றியதைக் கண்டவர் எவர்?" இவ்வினாவை எழுப்பிவிட்டால் டார்வின் வீழ்ந்துவிட்டார் எனக் கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். விடை கூறாது நழுவும் ஆசிரியர்களும் உளர். விடை இல்லாமையாலன்று, கூர்ப்பைப் பரீட்சைக்குரிய சில வரிகளாகவே நாம் கற்றமையால்.

கண்டவர் உளர். ஆட்டுத்தாடி எனப் பொருள்படும் திராகோபோகன் என்னும் பூண்டுச் சாதியைச் சேர்ந்த மூன்று ஐரோப்பிய இனங்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களின் எல்லைப் பகுதியை அடைந்தன. அவை தம்முட் கலந்து ஈன்ற செடிகள் பெரும்பாலும் மலடாயின. இரு பெற்றோரின் நிறமூர்த்தங்களும் ஒன்றோடொன்று செவ்வனே சோடி சேரமாட்டாமையே காரணம். ஆனால், சிலவற்றில் நிறமூர்த்தத் தொகுதி முழுவதும் இரட்டித்தது. 12 என்பது 24 ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் சோடி கிடைத்தது, மலடு நீங்கிற்று. அச்செடிகள் தம்முட் பெருகின; பெற்றோர் இனங்களுடன் கலந்து வளமான சந்ததி பெறுவதோ அரிதாயிற்று. இவ்வாறு தோன்றிய இரு புதிய இனங்களை 1950இல் மாரியன் ஓன்பி என்னும் தாவரவியலாளர் விவரித்தார்.

"பூண்டிலிருந்து பூண்டுதானே வந்தது" எனச் சிலர் நகைப்பர். இனங்களுக்கிடையே கடக்கவொண்ணா மதில் உண்டென்பதன்றோ அவர்தம் வாதம்? அம்மதில் கடக்கப்பட்டுவிட்டது. எல்லா இனங்களும் இத்துணை விரைவில் தோன்றுவனவல்ல. மலையாலும் கடலாலும் பிரிவுண்ட கூட்டங்கள் நெடுங்காலத்தில் வேறுபடுதலே விலங்குகளிடையே பெருவழக்கு.

எனினும், பழைமைவாதிகளை மட்டும் சாடிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. சோவியத் நாட்டிலே லைசெங்கோ, நிறமூர்த்த வழிப் பரம்பரைக் கொள்கையை முதலாளித்துவப் பொய்யென்றார். கோதுமைக் கதிரில் ரை தானியம் விளைந்ததாகவும் சாதித்தார். 1948இல் அவர் கருத்தே அரசின் கருத்தாயிற்று. அவரை எதிர்த்த பேரறிஞர் வாவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சராத்தோவ் சிறையிலே மாண்டிருந்தார். பிற நாட்டு முற்போக்காளர் பலரும் லைசெங்கோவுக்கு வக்காலத்து வாங்கினர். முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றைப் பின்னர் தேடுவது வைதிகருக்கு மட்டுமே உரிய நோயன்று.

ஆதலின், வகுப்பறையிலே "டார்வின் சொன்னார்" என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அந்த ஆட்டுத்தாடிச் செடியின் கதையை மாணவர் முன் வைப்போம். நிறமூர்த்தங்களை அவர்களே எண்ணிக் கணக்கிடட்டும். வினா எழுப்பும் மாணவனை அடக்காதிருப்போம். அவனுடைய வினா நம் கட்சியையே சுடுமாயினும் அடக்காதிருப்போம்.