பி.டி. பீரியடைக் காணோம்!

போன சனிக்கிழமை அக்கா ஒரு வேலை கொடுத்தாள். "ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங்டா. அத்தானுக்கு லீவு கிடைக்கலை. நீ போயிட்டு, நீட்டின இடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு."

நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவது பி.காம். படித்தவனுக்குப் பெரிய வித்தையா? போனேன். பாரம் நீட்டினார்கள். 'பி.டி. பீரியடுகளில் கணக்குப் பாடம் நடத்த எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று இருந்தது. மருமகன் எட்டாவதுதான் படிக்கிறான். பத்தாவதுக்கு இப்போதிருந்தே தயார் செய்கிறார்களாம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா, "சாப்பாட்டு நேரமும் சும்மாதானே சார் போகுது?" என்று யோசனை வேறு சொன்னார். நான் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டேன்.

வெளியே வந்தால் மைதானத்து ஓரமாக மருமகன். "மாமா... நீங்களும் போட்டுட்டீங்களா?"

அந்த 'நீங்களும்' இருக்கிறதே, அதில் இருந்த 'உம்' என்னை என்னவோ செய்துவிட்டது. "வாரத்துக்கு ரெண்டே பீரியட்தான் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் பேசாமல் வந்தான்.

எங்கள் காலத்திலும் இதே கதைதான். டைம்டேபிளில் பி.டி. என்று இருக்கும், கணக்கு வாத்தியார் சாக்பீஸ் டப்பாவோடு உள்ளே வருவார். கடன் கேட்டிருக்கிறாராம். ஒரு பீரியடையாவது திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. பாங்கில் இதற்கு வாராக்கடன் என்று பெயர். கணக்கு தப்பானால் அவர் போடச் சொல்லும் தோப்புக்கரணம்தான் எங்களுக்கு வாய்த்த ஒரே தேகப்பயிற்சி. (எனக்கு அது தினமும் கிடைத்தது.)

ராத்திரி தூக்கம் வரவில்லை. கையெழுத்துப் போட்டது சரியா, தப்பா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் என்று ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தார். அவரும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட சோதனை இது. ஒன்பது, பத்து வயசுப் பிள்ளைகள் 20 பேரை ஒரு நாள் சும்மா உட்கார வைத்து டெஸ்ட் கொடுத்தார்கள். இன்னொரு நாள் டிரெட்மில்லில் 20 நிமிஷம் நடக்க வைத்து, படபடப்பு அடங்கியதும் டெஸ்ட். நடந்த நாளில் அதே பிள்ளைகள் கவனம் சிதறாமல் பதில் சொன்னார்கள். படித்ததைப் புரிந்துகொள்வதிலும் அன்றைக்குத்தான் மார்க் அதிகம். டியூஷன் கிடையாது, நோட்ஸ் கிடையாது. வெறும் நடை!

அதே பல்கலைக்கழகத்தில் அடுத்த வருஷம் இந்த வயசுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நல்ல தேகக்கட்டு உள்ள பிள்ளைகளுக்கு, ஞாபகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி கொஞ்சம் பெரிசாகவே இருந்ததாம். 1999-ல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில், கூண்டுக்குள் சக்கரத்தில் ஓடிய எலிகளுக்கு இதே பகுதியில் புது செல்கள் கூடுதலாக முளைத்தன. எலிக்குக்கூட பி.டி. பீரியட் உண்டு சார்!

"அதெல்லாம் சரி, கணக்கு பீரியட் குறைஞ்சா மார்க் குறையாதா?" என்றுதானே கேட்கிறீர்கள்? அக்காவும் அதைத்தான் கேட்டாள். கனடாவில் கியூபெக் மாகாணத்தில் ட்ரா ரிவியேர் என்று ஒரு ஊர். 1970-லிருந்து 1977 வரை அங்கே ஆரம்பப் பள்ளியில் தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி வைத்தார்கள். அதற்காகப் பாட நேரத்தில் சுமார் 13 சதவீதம் வெட்டு. முதல் வகுப்பில் மட்டும் அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் பின்னால் இருந்தார்கள். இரண்டாவதிலிருந்து மற்றவர்களை முந்திவிட்டார்கள்.

ஓடினால் ராமானுஜன் ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. (ஆகலாம் என்றால் நம் ஊர் டவுன் பஸ்ஸை விரட்டிப் பிடிக்கிறவர்கள் எல்லாம் கணித மேதைகள்தான்.) பி.டி.யை வெட்டினால் மார்க் ஏறும் என்பதுதான் கணக்கில் உதைக்கிறது.

திங்கட்கிழமை காலையில் ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றேன்.

"சார், கடைக்கு வாடகை கொடுத்தா அது செலவு. மெஷின் வாங்கினா அது முதலீடு. நீங்க பி.டி.யைச் செலவுக் கணக்குல எழுதிட்டீங்க. அஞ்சு வயசுலேர்ந்து பதினேழு வயசு வரைக்கும் தினம் 60 நிமிஷம் உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாம வாரத்துக்கே ரெண்டு பீரியட்தான் கொடுக்கறோம். அதையும் பிடுங்கலாமா? என் கையெழுத்தைத் திருப்பிக் கொடுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நீங்க பையனோட அப்பாவா?"

"மாமா சார்."

"அப்ப உங்க கையெழுத்தே செல்லாதே!"

"அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்."

சிரித்துவிட்டார் மனுஷர். ஆனால் விடவில்லை. அப்பாவோ அம்மாவோ போட வேண்டும் என்று புது பாரம் ஒன்றைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

அது இப்போது அக்கா வீட்டு டி.வி. மேல் கிடக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் மருமகனும் தெருக்கோடி மைதானத்தில் ஓடுகிறோம். அவன் பத்து சுற்று; நான் ஒன்றரை. அப்புறம் அவன் கணக்கு நோட்டோடு உட்காருகிறான். நான் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொள்கிறேன். அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

இன்றுவரை அவள் பேனாவைத் தேடவில்லை.