நோயைச் சொன்னவனைத் தண்டியாதீர்!

பன்றி வளர்ப்பு இலாபந்தரும் தொழில் என்று ஆள்வோரும் அவர்தம் அதிகாரிகளும் பல்லாண்டுகளாக உபதேசித்து வந்துள்ளனர். உபதேசம் பொய்யன்று. ஆனால் அவர்கள் கணக்கின் ஒரு பாதியைத்தான் சொன்னார்கள். மறுபாதியை 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சொல்லிற்று. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எனும் கொடுநோய் அம்மாதத்திலேதான் இலங்கையில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. மேல் மாகாணத்திலே தலைகாட்டிய நோய் வேறு மாகாணங்களுக்கும் பரவியது. வர்த்தமானி வந்தது, கட்டுப்பாடுகள் வந்தன. புத்தளம் முதல் களுத்துறை வரையுள்ள கரையோரப் பகுதியில், பன்றியை நம்பி உலையேற்றி வந்த குடும்பங்களின் கொட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின.

இது விதியின் விளையாட்டு என்று கூறிக் கைகழுவ முயல்வோர் உளர். விதியன்று; நோய் எவ்வழியாக வந்தது, எவ்வழியாகப் பரவிற்று என்பது உலகறிந்த செய்தி. அவ்வழிகளை அடைக்காமல் விட்டவர் யார் என்பதே எமது வினா.

இலாபம் எங்கே இருக்கிறது?

பன்றி வளர்ப்பின் கணக்கு எளியது. தாய்ப்பன்றி சினைப்பட்ட 114 நாட்களில் குட்டி ஈனும். முறையாகப் பேணினால் ஆண்டுக்கு இரு ஈற்று. ஈற்றுக்கு எட்டுப் பத்துக் குட்டிகள். பிறந்த குட்டிக்கு முதல் நாளிலேயே சீம்பாலும், முதல் வாரத்திலேயே இரும்புச் சத்து ஊசியும் வேண்டும். இல்லையேல் சோகை பிடித்துக் கொல்லும். குட்டிகளுக்குச் சூடும், தாய்க்குக் குளிர்ச்சியும் வேண்டும்; பன்றிக்கு வேர்வை சிந்தி உடலைத் தணிக்கும் ஆற்றல் இல்லை. ஒரே கொட்டிலில் இவ்விரண்டையும் அமைத்துக் கொடுப்பவனே கெட்டிக்காரன்.

ஆனால் இத்தொழிலின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீனிக்கே போய்விடுகிறது. கம்பனித் தீனியை விலைகொடுத்து வாங்கி இரண்டு மூன்று தாய்ப்பன்றிகளை வளர்க்கும் ஏழைக்கு மிஞ்சுவது சாணமே. ஆகவே அவன் வாளியுடன் ஹோட்டல் வாயிலுக்குப் போகிறான். நகரம் தின்று கழித்த எச்சிலைச் சுமந்து வந்து இறைச்சியாக மாற்றி, அந்த நகரத்துக்கே திருப்பித் தருகிறான். அவனுடைய இலாபம் அந்த வாளியிலே இருக்கிறது. அவனுடைய அழிவும் அந்த வாளியிலேயே இருக்கிறது!

வாளியில் வந்த வினை

1921இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய், 1957இல் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகருக்கு அருகே ஐரோப்பாவில் கால்வைத்தது. எப்படி? விமானங்களில் மிஞ்சிய உணவுக் கழிவைப் பன்றிகளுக்கு இட்டமையால். 2007இல் கருங்கடற்கரையிலுள்ள ஜோர்ஜியாவுக்கு வந்தது. எப்படி? கப்பற் கழிவின் மூலம் வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்ந்தோர் கருத்து. 2018இல் சீனா, 2019இல் வியட்நாம், 2020இல் இந்தியாவின் அசாம், 2024இல் இலங்கை. நாடுகள் மாறின, வழிகள் மாறவில்லை.

இந்நோய்க் கிருமி உறைந்த இறைச்சியிலும் உப்பிட்ட இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிர்வாழும். ஆயினும் நெருப்புக்கு அஞ்சும். 70 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தாற் செத்துவிடும். ஒரு பெரிய பானை, ஒரு கட்டு விறகு, கிளறிவிட ஓர் அகப்பை: இவை செய்யும் காவலை எந்த வர்த்தமானியும் செய்யாது. இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை என்பது உண்மை. ஆனால் பன்றிகளைத் தொற்றினால் ஒரு கிழமைக்குள் கொட்டிலையே காலியாக்கிவிடும் வல்லமை உடையது. சிகிச்சை இல்லை. வியட்நாம் 2023இல் தன் நாட்டுக்குள் தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்ததேனும், உலகம் ஒருமித்து ஏற்றுக்கொண்ட தடுப்பூசி கிடையாது.

வளர்ப்போரிடமும் ஒரு சொல் கூறவேண்டும். சமைக்காத எச்சிலைக் கொட்டுவதும், ஆண்பன்றியை வீடு வீடாக இனச்சேர்க்கைக்குக் கொண்டு திரிவதும், வாங்கிய பன்றியை ஒரு மாதமேனும் தனித்து வைக்காமல் மந்தையோடு சேர்ப்பதும், தரகரின் லொறியையும் அவருடைய செருப்பையும் கொட்டில் வாயில் வரை விடுவதும் தற்கொலைக்கு ஒப்பானவை. இதில் ஏழை, பணக்காரன் என்ற பேதம் இல்லை.

மறைப்பவன் ஏன் மறைக்கிறான்?

இனி முக்கிய விடயத்துக்கு வருவோம். ஒருவனுடைய கொட்டிலில் இரண்டு பன்றிகள் தீனி மறுக்கின்றன. காதும் வயிறும் சிவக்கின்றன. உடல் நெருப்பாய்க் கொதிக்கிறது. அவன் முன்னே இரண்டு பாதைகள். மிருக வைத்தியருக்கு அறிவித்தால் மந்தை முழுவதும் கொன்று புதைக்கப்படும். அறிவிக்காமல் அன்றிரவே தரகருக்கு விற்றால் பாதி விலையாவது கையில் வரும். கொன்று புதைத்ததற்கு ஈடு உண்டென்ற நிச்சயம் அவனுக்கு இல்லாவிடின் அவன் எப்பாதையிற் செல்வான்? பிள்ளையின் பாடசாலைச் செலவும் அடகுக்கடை வட்டியும் நாட்டுப்பற்றுப் பேசுமா? அவன் விற்கிறான். அந்த லொறி போகும் ஊரெல்லாம் நோயும் போகிறது.

இது கற்பனையன்று. சீனாவில் 2018 ஓகஸ்டில் தலைகாட்டிய நோய், 2019 ஏப்ரலுக்குள் அப்பெருநிலத்தின் எல்லா மாகாணங்களையும் எட்டிவிட்டது. அஞ்சிய வளர்ப்போர் நோயுற்ற பன்றிகளை அவசரமாகச் சந்தைக்குத் தள்ளியதும், ஊர் அதிகாரிகள் உண்மையை மறைத்ததும் அதற்குரிய காரணங்களுட் சில. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நாட்டில் பன்றியிறைச்சியின் விலை இருமடங்காயிற்று. நட்டஈட்டில் மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று? உண்பவன் தட்டிலிருந்து பன்மடங்காகப் பறிக்கப்பட்டது!

மாறாக, ஸ்பெயின் நாட்டைப் பாருங்கள். 1960இல் புகுந்த நோயோடு கால்நூற்றாண்டு மல்லாடித் தோற்ற அந்நாடு, 1985இல் வழியை மாற்றிற்று. ஊர்தோறும் செல்லும் மிருக வைத்தியக் குழுக்களை அமைத்தது. இரத்தப் பரிசோதனையை விரித்தது. வளர்ப்போரைச் சங்கங்களாகத் திரட்டிக் கொட்டில்களைத் திருத்த உதவியது. கொல்லப்பட்ட பன்றிகளுக்கு ஈடு கொடுத்தது. பத்தே ஆண்டுகள்! 1995இல் அந்நாடு நோயினின்றும் விடுபட்டது.

மூன்றாவது பாடம் ஹெயிட்டியினுடையது. 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டு ஏழைகளின் நாட்டுப் பன்றிகள் யாவும் இந்நோயின் பெயரால் ஒழிக்கப்பட்டன. பன்றியே அவர்களின் வங்கி. கலியாணமும் கல்வியும் அதிலிருந்தே. கொன்றவற்றுக்கு உரிய ஈடு பலருக்குக் கிடைக்கவில்லை. பதிலாக அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைப் பன்றிகளோ விலையுயர்ந்த தீனியும், தூய நீரும், கூரையிட்ட வீடும் கேட்டன. தமக்கே இல்லாத வசதிகளைக் கேட்ட அப்பிராணிகளை அம்மக்கள் நாற்கால் இளவரசர் என்று எள்ளினர். நோய் ஒழிந்தது, ஏழையும் ஒழிந்தான்.

பணம் இல்லையா?

"திறைசேரியில் ஈடு கொடுக்கப் பணமேது?" என்பர் ஆள்வோர். 2022இல் நாடு பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆயினும் கேட்கிறோம்: பத்துப் பன்றிகளுக்கு இன்று ஈடு கொடுக்க இயலாத திறைசேரி, பத்து மாவட்டங்களின் தொழில் அழிந்தபின் என்ன செய்யும்?

"வளர்ப்போரின் கவனயீனத்துக்கு நாம் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?" என்று வேறு சிலர் வினவுவர். இலாபந்தரும் என்று ஊக்கியவருக்குப் பொறுப்பில்லையா? 1980களில் அநுராதபுரப் பகுதியின் நீர்ப்பாசன வயல்களையடுத்துக் குடியானவருக்கு மேலதிக வருவாய் என்று பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டது. வயலிலே நுளம்பு பெருகும். பன்றியின் குருதியிலே மூளைக்காய்ச்சற் கிருமி பெருகும். இரண்டும் சேர்ந்தால் மனிதன் மடிவான். 1985க்கும் 1988க்கும் இடையில் அப்பகுதியை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தாக்கியபோது இச்சேர்க்கை அதற்கொரு காரணமாக ஆய்வாளராற் சுட்டப்பட்டது. பன்றியைக் கொடுக்குமுன் வைத்தியரைக் கேட்கும் வழக்கம் அன்றும் இல்லை!

பன்றி என்றதும் முகஞ்சுளிப்போர் பலர். அதை உண்ணாதிருக்கவும் தீண்டாதிருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை வளர்ப்பவனின் துயரையும் தீண்டாதிருக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆகவே எமது கோரிக்கைகள் நான்கே. நோயை முதலில் அறிவிப்பவனுக்குச் சந்தை விலையை ஒட்டிய ஈடு, கொன்ற கிழமைக்குள் கையில் கிடைத்தல் வேண்டும். மறைத்து விற்றவனுக்கு அந்த ஈடு இல்லை என்பதும் சட்டமாதல் வேண்டும். வேகவைக்காத ஹோட்டற் கழிவை விற்பதையும் வாங்குவதையும் தடுத்து, அதை வேகவைக்கும் பொது உலைகளைப் பிரதேச சபைகள் நிறுவுதல் வேண்டும். பன்றி வளர்ப்போர் தமக்கெனச் சங்கங்களை அமைத்து, ஊருக்கு ஊர் தாமே காவல் நிற்றல் வேண்டும்.

இவற்றுட் கடைசி ஒன்றுக்கு அரசின் உத்தரவு தேவையில்லை, நாளையே தொடங்கலாம். மற்ற மூன்றையும் ஆள்வோரிடம் கேட்டுப் பெறுவதற்கும் அச்சங்கங்களே கருவியாகும். நோயைச் சொன்னவன் ஊரைக் காத்தவன். அவனை ஓட்டாண்டியாக்கும் அரசு, அடுத்த நோயை மறைக்கும்படி ஊருக்கே உத்தரவிடும் அரசாகும்.