செம்மண் சடக்கும் பூட்டிவைத்த மிதிவண்டிகளும்



சென்ற ஆண்டு என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் காலில் மாவுக்கட்டுடன் வந்து அமர்ந்தான். அம்மா சொன்னார் என்று சீனி வாங்க மிதிவண்டியில் கடைக்குப் போயிருக்கிறான். சந்திப்பில் திரும்பிய மகிழுந்து ஒன்று இடித்துவிட்டது. நல்லவேளை, கால் எலும்போடு போயிற்று. மாவுக்கட்டு பிரித்த பிறகு ஒருநாள், "மிதிவண்டி எங்கேப்பா?" என்று கேட்டேன். "அப்பா பூட்டி வெச்சிட்டாரு ஐயா. சாவி எங்க இருக்குன்னே தெரியல" என்றான்.

அந்தத் தந்தையை நான் குறை கூறமாட்டேன். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அதே மாதத்தில் அந்தத் தாமானில் இன்னும் நான்கைந்து வீடுகளில் மிதிவண்டிகள் பூட்டப்பட்டன என்பதை அறிந்தபோது மனம் கனத்தது. ஒரு பிள்ளைக்கு அடிபட்டதற்கு ஒரு தெருப் பிள்ளைகள் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டார்கள்.

செர்காமில் வாழ்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மலாக்கா நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறோம். மலாக்காவிலிருந்து மெர்லிமாவ், மூவார் நோக்கிச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலை நம்மை ஒட்டியே போகிறது. அதில் லாரிகளும் பேருந்துகளும் ஓடுகின்றன. வார இறுதி மாலைகளில் உம்பாயிலும் செர்காம் கடற்கரையிலும் சுட்ட மீன் சாப்பிட வெளியூர் வண்டிகள் வரிசை பிடிக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை மிதிவண்டி ஓட்ட அந்தச் சாலையில் இடம் ஏது?

நம் பெற்றோர் காலத்தில் நிலைமை வேறு. தோட்டத்தில் பால் வெட்டப் போனவர்கள் மிதிவண்டியில்தான் போனார்கள். பின்னால் வாளி தொங்கும். பிள்ளைகள் அப்பாவின் பெரிய மிதிவண்டியில் குரங்குப் பெடல் போட்டே ஓட்டக் கற்றார்கள். விழுந்தால் செம்மண்ணில் விழுவார்கள். முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்கு வந்தோம். தண்ணீர், மின்சாரம், பட்டா எல்லாம் கிடைத்தன. பிள்ளைகளுக்கு இருந்த சடக்கு மட்டும் நம்மோடு வரவில்லை.

மிதிவண்டி ஓட்டாத பிள்ளை என்ன ஆகிறான்? பலர் கைப்பேசியோடு அமர்ந்துவிடுகிறார்கள். சிலர் பதின்மூன்று, பதினான்கு வயதில் நேராக மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்கள். உரிமம் இல்லை, தலைக்கவசம் இல்லை. சாலையில் கவனிக்க வேண்டியதை மெதுவான வண்டியில் கற்றுக்கொண்ட பழக்கமும் இல்லை. நம் நாட்டுச் சாலைகளில் 2023இல் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

2017 பிப்ரவரி 18 அன்று விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஜொகூர் பாருவில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மாற்றியமைத்த மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்ற பிள்ளைகள் மீது மகிழுந்து மோதி எட்டுப் பேர் இறந்தனர். எல்லாரும் 13 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள். அந்த வழக்கு பல நீதிமன்றங்களுக்குச் சென்றது. அதைப் பற்றி நான் பேச வரவில்லை. "அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு வெளியே என்ன வேலை?" என்று நாடே கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டிருக்க வேண்டும்: பகலில் எந்த நேரத்தில், எந்தச் சாலையில் அவர்கள் ஓட்டலாம் என்று நாம் காட்டினோம்?

பிற நாடுகள் இக்கேள்விக்கு விடை தேடியிருக்கின்றன. மிதிவண்டி நாடு என்று நாம் புகழும் நெதர்லாந்தில் 1971இல் ஏறத்தாழ 3,300 பேர் சாலையில் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரில் பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது சில ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்துகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. வெறிச்சோடிய சாலைகளில் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டினார்கள். இன்று அங்குள்ள மிதிவண்டிப் பாதைகள் பெற்றோரின் கண்ணீரிலிருந்து பிறந்தவை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974 முதல் ஞாயிறு காலைகளில் முதன்மைச் சாலைகளை வண்டிகளுக்கு மூடுகிறார்கள். இன்று அது 100 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது.

அருகிலுள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். தஞ்சோங் பகாரிலிருந்து நம் கே.டி.எம். இரயில் கடைசியாகப் புறப்பட்டது 2011 ஜூன் 30 இரவு. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு அந்த நிலத்தை விற்றுக் கட்டடம் எழுப்பியிருக்கலாம். மாறாக, 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வழியை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் ஒதுக்கினார்கள்.

நம் மலாக்காவுக்கும் ஓர் இரயில் பாதை இருந்தது. தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை 1905இல் திறக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே வேலைக்குத்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களும் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்தப் பாதை அப்படியே இருந்திருந்தால், இன்று நம் பிள்ளைகளுக்கு நகரம் வரை ஒரு மிதிவண்டி வழியாகி இருக்குமோ என்று சில நேரம் எண்ணிப் பார்ப்பேன்.

போனது போகட்டும். இருப்பதைப் பார்ப்போம். வார இறுதி இரவுகளில் மலாக்கா ஜோங்கர் தெருவை வண்டிகளுக்கு மூடுகிறோம். சந்தை நடக்கிறது, உலகமே வந்து பார்க்கிறது. கோலாலம்பூரில் ஞாயிறு காலையில் நடுநகரச் சாலைகளை மூடி மிதிவண்டிகளுக்கு விடுகிறார்கள். ஆக, சாலையை மூடுவது முடியாத செயலன்று. யாருக்காக மூடுகிறோம் என்பதே கேள்வி.

நாம் சாலையை மூடக்கூடத் தேவையில்லை. நம்மைச் சுற்றிச் செம்பனைக் காடுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் கிலோமீட்டர் கணக்கில் செம்மண் சடக்குகள் ஓடுகின்றன. வேலை நாள்களில் குலை ஏற்றும் லாரியும் டிராக்டரும் போகும். ஞாயிறு காலையில் பெரும்பாலும் ஒரு வண்டியும் இராது. நகரத்து மிதிவண்டிக் குழுக்கள் இப்படிப்பட்ட வழிகளைத் தேடி எங்கெங்கோ போகின்றன. நமக்கோ வீட்டு வாசலிலேயே இருக்கிறது!

இதை எழுதுமுன் செய்து பார்த்தேன். தெரிந்த ஒருவர் மூலம் தோட்ட நிருவாகியைச் சந்தித்து, ஞாயிறு காலை 7.30 முதல் 9.00 வரை ஒரு சடக்கில் ஓட்ட அனுமதி பெற்றேன். முதல் வாரம் ஆறு பிள்ளைகள், மூன்று பெற்றோர். வாயிலில் இருந்த ஜாகா பெயர்களை எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். எனக்குத் தெரியாத பலவற்றை அன்று கற்றேன். காய்ந்த ஓலை மட்டையின் முள் டயரைக் கிழித்துவிடும். ஆகவே ஒட்டுப் போடும் பெட்டி கட்டாயம் வேண்டும். மழை பெய்த மறுநாள் செம்மண் மேட்டில் சக்கரம் வழுக்கும். மருந்தடித்த பகுதிப் பக்கம் போகவே கூடாது. பாம்பு இருக்கும், சடக்கை விட்டுப் புல்லில் இறங்கக் கூடாது.

மூன்றாம் வாரம் ஒரு மாணவி வந்தாள். பத்து வயதாகியும் மிதிவண்டியில் ஏறியதே இல்லை. "பொம்பளப் பிள்ளைய ரோட்டுல விட பயமா இருக்கு ஐயா" என்பது தாயார் சொன்ன காரணம். சடக்கில் அந்த அம்மாவே இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். நான்காவது முறை கையை விட்டார். பிள்ளைக்கு அது தெரியவில்லை. நூறு அடி போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை எந்தத் தேர்வு முடிவிலும் நான் கண்டதில்லை.

காலில் கட்டுப் போட்டிருந்த மாணவன்? ஆறாவது வாரம் தந்தையோடு வந்தான். சாவி கிடைத்துவிட்டதாம்.

"தோட்டம் தனியார் சொத்து, விபத்து நடந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதனால்தான் தனியொரு ஆசிரியர் வாய்மொழி அனுமதியோடு நடத்துவது போதாது என்கிறேன். "ஞாயிற்றுக்கிழமை டியூஷன் இருக்கிறதே?" என்றும் கேட்பீர்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. ஒன்றரை மணி நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாதா?

என் வேண்டுகோள் மூன்றுதான்.

1. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அருகிலுள்ள தோட்ட நிருவாகத்திற்கு முறையாகக் கடிதம் எழுதி, ஒரு சடக்கு, ஒரு காலைப்பொழுது என்று அனுமதி கேட்க வேண்டும். பொறுப்பு யாருடையது, காப்புறுதி உண்டா என்பதையும் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

2. பள்ளியின் புறப்பாட நடவடிக்கையில் மிதிவண்டிப் பயிற்சி இடம்பெற வேண்டும். பிரேக் பிடிப்பது, கை காட்டித் திரும்புவது, சந்திப்பில் நின்று பார்ப்பது ஆகியவற்றைத் திடலிலேயே கற்றுக்கொடுக்கலாம்.

3. ஜாசின் நகராண்மைக் கழகத்திடம், பள்ளியையும் தாமானையும் இணைக்கும் சிறு தூரத்திற்காவது தனி மிதிவண்டித் தடம் கேட்போம். தோட்டச் சடக்கு ஓட்டக் கற்கத்தான். பள்ளிக்கும் கடைக்கும் போக ஊருக்குள் வழி வேண்டும்.

தோட்ட நிலங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இன்று சடக்காக இருப்பது நாளை வீடமைப்புப் பகுதியாகலாம். அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகளாவது அதில் ஓட்டிப் பழகட்டும்.

வரும் ஞாயிறு காலை, சாவியைத் தேடி எடுங்கள். காற்றடித்துக் கொடுங்கள். பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். நீங்களும் உடன் போங்கள்.